ரடோம் துப்பாக்கிக்கு ஒரு சுருள்வில்

அமெரிக்காவில் குடியேறும் தமிழர் அந்நாட்டின் துப்பாக்கிப் பழக்கத்தை முதலில் அறிவது பெரும்பாலும் செய்தித் தலைப்புகளின் வழியாகத்தான். அந்தப் பழக்கத்தின் ஆரவாரமற்ற பகுதி, விடுமுறை நாளில் கார் நிறுத்தும் அறையின் மேசை மீது பழைய கைத்துப்பாக்கி ஒன்றைப் பிரித்துப் போட்டுத் தேய்ந்த உறுப்புகளை மாற்றிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற மனிதரிடம் இருக்கிறது என்பது, அண்டை வீட்டாருடன் ஓரளவு பழகிய பின்னரே தெரியவருகிறது.

இவ்வாறு பிரிக்கப்படுபவற்றில் பல உபரி ஆயுதங்கள், அதாவது ஒரு நாட்டின் படையோ காவல்துறையோ கழித்து விற்ற பழைய சரக்குகள். போலந்தின் ரடோம் நகரில் 1960களிலும் 1970களிலும் தயாரான பி-64 அவற்றுள் குறிப்பிடத்தக்கது. சோவியத் அணியின் 9×18 மி.மீ. மக்காரோவ் தோட்டாக்கள் ஆறினைக் கொள்ளும் இந்தச் சிறு துப்பாக்கிக்குப் பதிலாக 1980களில் பி-83 வந்தது. 1999இல் போலந்து நேட்டோவில் சேர்ந்து மேற்கத்திய 9×19 தோட்டாவை ஏற்றதால், பழைய இருப்புக்கு அங்கே வேலை குறைந்துபோயிற்று. அமெரிக்கச் சிப்பாயை எதிர்கொள்ளச் செய்யப்பட்ட ஆயுதம், இறக்குமதியாளரின் பெயர் சட்டப்படி உலோகத்தில் பொறிக்கப்பட்டு, முன்னாள் அமெரிக்கச் சிப்பாயின் கைக்கே மலிவு விலையில் வந்து சேர்ந்ததில் வரலாற்றின் குறும்பு இல்லாமல் இல்லை.

பி-64இன் பெயர்போன குறை அதன் முதல் விசையிழுப்பு. சுத்தியலை முன்கூட்டிப் பின்தள்ளாமல் விசையை இழுத்தால், ஒரே இழுப்பு சுத்தியலை உயர்த்தவும் விடுவிக்கவும் வேண்டியிருப்பதால், இருபது பவுண்டுக்கும் மேற்பட்ட விசை தேவைப்படுகிறது. இழுக்கும்போதே குறி நகர்ந்துவிடுகிறது. இதற்கு மருந்தாகச் சுத்தியலை உந்தும் சுருள்வில்லை எடுத்துவிட்டு, பென்சில்வேனியாவைச் சேர்ந்த வுல்ஃப் போன்ற சுருள்வில் நிறுவனங்கள் விற்கும் மெல்லிய வில்லைப் பொருத்துவது வழக்கமாகியிருக்கிறது. ஆனால் வில் அளவு மீறி மெலிந்தால், தோட்டாவின் அடியில் பதித்த பிரைமர் எனும் வெடிக்கிண்ணத்தைச் சுத்தியலின் அடி போதிய அளவு நசுக்காது. கிழக்கு ஐரோப்பிய இராணுவத் தோட்டாக்களின் பிரைமர் கடினமானது என்பதால், விசை இலகுவாகி, துப்பாக்கி வெடிக்காமல் போகும் நிலை நேர்கிறது. ஆகவே பல வலிமைகளில் வில்களை வாங்கி, பயன்படுத்தப்போகும் தோட்டாவுடனேயே சுடுகளத்தில் சோதித்துப் பார்ப்பவரே விவரம் அறிந்தவர்.

மற்றொரு வில்லின் கதை நேர்மாறானது. இத்துப்பாக்கியில் குழல் சட்டகத்தோடு அசையாமல் பிணைந்திருக்க, அதைச் சுற்றியமைந்த மீள்வில்லும், சுடும்போது பின்னோக்கி நகரும் மேற்பகுதியான ஸ்லைடின் எடையுமே முதன்மையாக வெடிப்பின் உந்துதலைத் தாங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் அமுங்கிச் சோர்ந்த மீள்வில் இருந்தால் ஸ்லைடு சட்டகத்தை ஓங்கி மோதும். எனவே சுத்தியல் வில்லை மெலியதாக மாற்றுபவரும் மீள்வில்லைப் புதியதாக, சில வேளை சற்று வலியதாக, மாற்றிக்கொள்கிறார். விரிசல் விட்ட கைப்பிடித் தகட்டை மாற்றுவது, நீலப்பூச்சு உரிந்த இடங்களைச் சரிசெய்வது, முன்குறியில் வெண்புள்ளி இடுவது ஆகியவை அழகு சார்ந்தவை. செய்தாலும் விட்டாலும் பாதகமில்லை. தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு: சுத்தியலைப் பின்னிழுத்த நிலையில் பிடித்து நிறுத்தும் சியர் எனும் கொக்கியை அரத்தால் தேய்த்து விசையை மென்மையாக்க முயன்றால், பிடிப்பு வழுக்கித் துப்பாக்கி தானாக வெடிக்க நேரிடும். அது தேர்ந்த கம்மியருக்குரிய வேலை.

இந்தியாவிலிருந்து வந்தவருக்கு வியப்பளிப்பது சட்டமே. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் உறுப்புகளையும் ஆயுதம் என்ற வரையறைக்குள் அடக்கி, பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்கு உட்படுத்துகிறது. 2019இன் திருத்தத்துக்குப்பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் இயலாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலோ வரிசை எண் தாங்கிய சட்டகம்தான் துப்பாக்கியாகக் கருதப்படுகிறது. வில்லும் கைப்பிடியும் தபாலில் வரும் சாதாரணச் சரக்குகள், சொந்தத் துப்பாக்கியைத் தானே பழுதுபார்ப்பதற்குக் கூட்டாட்சி உரிமம் வேண்டியதில்லை. காவலர் இடுப்பிலும் வங்கி வாயிலிலும் மட்டுமே துப்பாக்கியைக் கண்டு வளர்ந்த ஒருவர், அதைத் தையல் இயந்திரம்போல் எண்ணெய் விட்டுத் துடைக்கும் அண்டை வீட்டாரைப் பார்க்கும்போது கொள்ளும் திகைப்பு நியாயமானதே. போர்க்காலத்தில் ஈழத்திலிருந்து வெளியேறியவருக்கு அதே மேசை திகைப்பைத் தருவதில்லை. தவிர்க்க விரும்பிய ஒன்றை மீண்டும் முன்னே வைக்கிறது. இவ்விருவரும் ஒரே தமிழ்ச்சங்கத்தின் பொங்கல் விழாவில் அடுத்தடுத்து அமர்ந்திருந்தாலும், துப்பாக்கி குறித்த பேச்சில் ஒருவரை மற்றவருக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது தவறாகும்.

ஆர்வம் வந்தாலும் எல்லாக் குடியேறியவருக்கும் வழி திறந்திருப்பதில்லை. கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமை அட்டை பெற்றவர் துப்பாக்கி வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்போருக்கோ, 1998இல் சேர்க்கப்பட்ட விதி, துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருப்பதையே பொதுவாகத் தடைசெய்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான நிரந்தர வசிப்புரிமை வரிசை பல ஆண்டுகள் நீள்வதால் இத்தடை குறுகிய காலத் தடையாக இருப்பதில்லை. அந்நிலையில் உள்ளவர் பி-64க்குரிய சுருள்வில்லை வாங்கலாம். அது பொருந்தும் சட்டகத்தை வைத்திருக்கலாகாது. இதற்கான விலக்குகளில் ஒன்று விந்தையானது: ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அத்தடை நீங்கிவிடுகிறது. வேட்டைக்குப் போகும் எண்ணமே இல்லாத சைவக் குடும்பத்து மென்பொருள் பொறியாளருக்கும் அந்த உரிமம் போதுமானது; அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அவர் பொறுப்பு.