சாமைக்கு உமி நீக்குவது யார்?

பெர்மாகல்ச்சர் வகுப்புக்குப் போகிறவர்கள் சீக்கிரமே வட்டம் வரையப் பழகிவிடுகிறார்கள். நடுவில் வீடு. அதை ஒட்டி, தினமும் கைபடும் கீரைப்பாத்தியும் கோழிக்கூண்டும். அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும் என்கிற பழமரங்கள் அதற்கு அப்பால், தானியம் இன்னும் தள்ளி, கடைசியில் மனிதர் கைவைக்காத காடு. ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978இல் புத்தகமாக எழுதிய முறை இது. மாலிசனே 1987இல் இந்தியாவுக்கு வந்து பாடம் நடத்தினார். இன்று அது 72 மணி நேரப் பயிற்சி, முடிவில் சான்றிதழ். அந்த வரைபடத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தற்சார்பைப் பற்றிய ஒரு வரைபடத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள் ஒன்று அதில் இல்லை. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே, தர்மபுரி மாவட்டத்தின் ஓரத்தில் கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் அந்தக் குறை கண்ணில் படுகிறது.

சிட்லிங்கியில் மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடிகளும் வாழ்கிறார்கள். டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993இல் இங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கியபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. பத்தாண்டு வைத்தியத்துக்குப் பிறகு பேச்சு சோற்றுக்கு வந்தது, சோற்றிலிருந்து நிலத்துக்குப் போனது. அப்படித்தான் இங்கே இயற்கை விவசாயிகள் சங்கம் உருவானது. வரப்பு, மூடாக்கு, பஞ்சகவ்யா, கலப்புப் பயிர் எல்லாம் இங்கும் உண்டு. அவற்றை நான் விவரிக்கப் போவதில்லை. எந்த வேளாண் இதழைப் புரட்டினாலும் கிடைக்கும். என் கவனம் நின்றது வயலில் அல்ல, சிறுதானியத்தை அரிசியாகவும் மாவாகவும் தின்பண்டமாகவும் மாற்றும் கொட்டகையில்.

தர்மபுரியின் பழைய மானாவாரித் தானியங்களில் ராகியையும் சாமையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் குறைந்த மழையில் விளையும், இரண்டையும் இதே மக்கள்தான் விதைத்தார்கள். ராகி இன்னும் களியாக வட்டிலில் இருக்கிறது. சாமைச் சோறு பல வீடுகளில் பாட்டிகளின் பேச்சோடு நின்றுவிட்டது. ராகியைக் களத்தில் அடித்தால் மணி தனியே வந்துவிடும், அப்படியே மாவாக்கலாம். சாமை மணியை உமி இறுகப் பிடித்திருக்கும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, குத்துப்படாததைப் பிரித்து மறுபடியும் குத்த வேண்டும். கடுகைவிடச் சற்றே பெரிய மணி என்பதால் கல்லும் மண்ணும் எளிதில் பிரியாது. காட்டு வேலை முடித்துத் திரும்பிய பெண்தான் இதையும் செய்தாள். ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011இல் விலையில்லாமலும் வந்தபோது அவள் உலக்கையைக் கீழே வைத்ததில் என்ன தப்பு? ராகிக்குப் பெங்களூரு வரை சந்தை இருக்கிறது, அதுவும் காரணம் என்று சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் சந்தை விற்பனையைத்தான் விளக்கும், வீட்டுச் சமையலிலிருந்து சாமை மறைந்ததை விளக்காது. சாமை தோற்ற இடம் நிலம் அல்ல, உரல்.

வரைபடத்தில் இல்லாத பொருள், உரலின் வேலையைச் செய்யும் உமி நீக்கும் எந்திரம். அதன் வேலை பார்க்க எளிமையானது. வேகமாகச் சுழலும் விசிறித் தகடு மணியைச் சுவரில் வீசி அடிக்கிறது, உமி வெடிக்கிறது, காற்று அதை ஊதித் தள்ளுகிறது. வேகம் கூடினால் குருணையாகும், குறைந்தால் உமியோடே வெளிவரும். காய்ச்சல் போதாத மணியும் தொல்லைதான். இயக்குபவரின் கைப்பக்குவம் உழவருடையதற்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனாலும் பெர்மாகல்ச்சர் பயிற்சிகளில் மழைநீர்ப் பள்ளத்தைச் சமமட்டத்தில் வெட்டச் சொல்லித்தரும் அளவுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

மோட்டாரையும் மின்சாரத்தையும் நம்புவது என்ன தற்சார்பு என்று தீவிரர்கள் கேட்பார்கள். உரலும் ஒரு எந்திரம்தான், அதன் மோட்டார் ஒரு பெண்ணின் தோள். அந்தத் தோளைக் கணக்கில் சேர்க்காமல்தான் பழைய தற்சார்பை நாம் புகழ்ந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வேண்டியதெல்லாம் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது, நிலமும் நேரமும் சேமிப்பும் உள்ளவர்களின் கனவு. இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரருக்குத் தற்சார்பின் அளவு ஒரு வீடு அல்ல, ஒரு பள்ளத்தாக்கு. சங்கம் ஒன்று எந்திரத்தை வைத்திருந்தால் அந்த அளவுக்குப் போதும்.

இன்னொரு மறுப்பு கனமானது: சாமை பயிரிட்டால் கட்டுபடியாகுமா? மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் ராகி உண்டு, 2022-23இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். சாமை அந்தப் பட்டியலிலேயே இல்லை. தர்மபுரியில் ரேஷன் கடைக்கும் ராகி வந்தது, சாமை வரவில்லை. சிறுதானிய ஆண்டு என்று 2023ஐ உலகமே கொண்டாடியதைக் கேட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். விலைப் பாதுகாப்பு இல்லாத தானியத்தை உழவர் உமியோடு மூட்டையாக விற்கிறார். தமிழ்நாட்டுச் சிறுதானியத்தில் ஒரு பங்கு மகாராஷ்டிரத்தின் நாசிக் ஆலைகள் வரை போய், அரிசியாகிச் சென்னைக் கடைகளுக்குத் திரும்புகிறது. வியாபாரியைத் திட்டுவது சுலபம், எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் எந்திரம் இல்லாத இடத்தில் அவர்தான் எந்திரம். லாரி வாடகை, கழிவு, லாபம் எல்லாம் சேர்ந்த அந்த விலை இடைவெளியை, ஒரு பழமரத்தை எங்கே நடுவது என்று கவலைப்படும் வடிவமைப்பாளர் தன் தாளுக்கு வெளியே விட்டுவிடுகிறார்.

எந்திரம் வந்தாலே போதுமா என்றால், போதாது. கடைக்காரர் வெள்ளையான சாமை கேட்பார். வெள்ளையாகத் தீட்டினால் தவிடு போகும், தவிட்டோடு சத்தும் போகும். சிட்லிங்கியில் எந்தச் சத்துக்குறைக்காகச் சோற்றைப் பற்றிய பேச்சு தொடங்கியதோ, அந்தக் குறை பொட்டலம் கட்டித் திரும்பி வரும். தவிடு இருந்தால் அதிலுள்ள எண்ணெய் சிக்கடித்து, அரிசி நெடுநாள் தாங்காது. தொலைவிலுள்ள ஆலைகள் தீட்டித் தள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணம். உமியோடு இருக்கும் சாமையோ ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆகவே தீட்டாத சாமையைத் தின்ன விரும்புகிற ஊர், தானியத்தை உமியோடு குதிரில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டிய அளவுக்கு உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு எந்திரம் தலைச்சுமையாகக் கொண்டுபோகிற தூரத்தில் இருந்தாக வேண்டும்.