தூக்கத்தை விரட்டிப் பிடிக்க முடியாது

வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும் முந்திக்கொள்கிறது. இரவு எட்டு மணிக்கே கண் சொருகும். விடியுமுன் மூன்று மணிக்கே விழிப்புத் தட்டும். இது முதுமையின் இயல்பு. உழைத்து உழைத்தே எல்லாவற்றையும் அடைந்த தலைமுறை நாம்; தூக்கத்தையும் அப்படியே அடைந்துவிடலாம் என்று இரவோடு மல்லுக்கட்டுகிறோம். அதில்தான் இன்னும் களைத்துப்போகிறோம்.

மல்லுக்கட்டி ஓய்ந்தவர்கள் தூக்க மாத்திரையை நாடுகிறார்கள். அல்பிரசோலம், டயஸிபாம் போன்றவற்றை முதியவர்கள் தவிர்ப்பதே நல்லது என்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம். மாத்திரை தரும் மயக்கத்தோடு நடு இரவில் கழிவறைக்கு எழுந்தால், தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் தாமாகச் சட்டென நிறுத்திவிடவும் கூடாது. மருத்துவர் சொல்லும்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

இங்கேதான் லாவெண்டர் பேச்சுக்கு வருகிறது. 1995இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. மாத்திரையை நிறுத்தியதும் தூக்கம் குறைந்துபோன முதியவர்களுக்கு, அறையில் லாவெண்டர் மணம் பரப்பியதும் பழைய உறக்கம் திரும்பியதாம். ஆனால் அவர்கள் நான்கே பேர். பின்னர் வந்த ஆய்வுகளிலும் பல சிறியவையே. ஆகவே இதைக் கைகண்ட மருந்து என்று நம்பிவிடாமல், உதவும் துணையாக வைத்துக்கொள்வோம்.

ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தார் 2018இல் இன்னொன்றைக் கண்டார்கள். லாவெண்டரில் உள்ள லினலூல் என்னும் மணப்பொருளை முகர்ந்த எலிகளின் பதற்றம் தணிந்தது. மோப்ப சக்தி இழந்த எலிகளுக்கு அது பலிக்கவில்லை. நமக்கும் வயதானால் மோப்பம் மங்குகிறது. அதற்காக, மணம் தெரியவில்லையே என்று லாவெண்டர் எண்ணெய்ச் சொட்டுகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். பிடித்த மணம், இலேசாகத் தெரிந்தால் போதும். பஞ்சில் ஓரிரு சொட்டு விட்டுத் தலைமாட்டில் வையுங்கள். எண்ணெயைக் குடிக்கவே கூடாது. அப்படியே தோலில் தடவவும் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் புட்டியை வையுங்கள்.

அந்த மணத்துக்கு ஒரு நேரம் குறியுங்கள். தினமும் அதே பொழுதில் விளக்கைத் தணித்து, செல்பேசியை ஒதுக்கிவைத்து, பிறகு பஞ்சை எடுங்கள். அர்த்தசாம மணி கேட்டதும் நடை சாத்தப்போகிறார்கள் என்று தெரிந்துவிடுவதுபோல, நாள் முடிந்தது என்று உடம்புக்கும் பழகிவிடும். அப்படியும் தூக்கம் வரவில்லையா? படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காருங்கள். கண் சொருகும்போது மறுபடி படுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு எண்ணெய்ப் புட்டி வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. இரவில் அவர்களை எழுப்புவது எது என்று கேளுங்கள். முழங்கால் வலியா, மாலையில் விழுங்கும் நீர் மாத்திரையா, குறட்டையின் நடுவே மூச்சு நின்றுபோகிறதா, துணையை இழந்த துயரமா? முதல் மூன்றையும் மருத்துவரிடம் சொல்லி வழி காணலாம். கடைசியதற்கு நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.