கொடுப்பவன் ஜெயிப்பானா?

இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் எதிராளிக்கு நல்ல கார்டு கொடுப்பவன் முட்டாள். நான்கு பேர் ஆடினால் கணக்கே வேறு.

1993-ம் ஆண்டு ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தில் 'கமாண்டர்' என்று ஒரு வகை உண்டு. பெரும்பாலும் நான்கு பேர் ஆடுவார்கள். ஆளுக்கு 100 கார்டு, 40 உயிர்ப்புள்ளி. இதில் சிலர் 'ஹவ்லிங் மைன்' என்ற கார்டை இறக்குவார்கள். அது மேஜையில் இருக்கும்வரை எல்லோருக்குமே ஒவ்வொரு முறையும் ஒரு கார்டு கூடுதல். அள்ளிக் கொடுப்பவனை முதலில் யார் அடிப்பார்கள்? மற்ற மூவரும் தங்களுக்குள் மோதிக் களைத்துப் போவார்கள்.

ஆனால் இந்தத் தந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நம்மூர்க் கதை ஒன்றே போதும். இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். திருக்கோவலூர் காரியும் அதே ஏழு பேரில் ஒருவன்தான். அந்தக் காரியே ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது சங்க இலக்கியம். இருவர் மோத, மலை மூன்றாமவன் கைக்குப் போனது!

ஓரி பாணர்களுக்கு வாரி வழங்கினான். அவர்கள் புகழ் பாடினார்கள். புகழ் படையைத் தடுக்காது.

மேஜையிலும் அப்படித்தான். சும்மா கொடுத்தால் நன்றி மட்டுமே மிஞ்சும். "இது உனக்கு, அடுத்த முறை என்னை அடிக்காதே" என்று பேசிக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கை விதிகள் காப்பாற்றாது. மீறினால் அடுத்த ஆட்டத்தில் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற பயம்தான் காப்பாற்றும். அதனால் கொடுக்கலாம், யாருக்கு, எதற்கு என்று தெரிந்து.