உம்மா நித்திரை கொண்ட படம்



சம்பளம் விழுகிற நாள் இரவு எங்கட வீட்டில் ஒரு கூட்டம் நடக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான். இடம், சாப்பாட்டு மேசை. இரண்டு பேருக்கும் டீச்சிங். "ரெண்டு சம்பளம் வாற வீடு" என்று ஊரில் சொல்வார்கள். இடர்கடனும் வீட்டுக் கடனும் சம்பளச் சிட்டையிலேயே வெட்டுப்பட்டுத்தான் மிச்சம் கைக்கு வருகிறது என்பது சொல்கிறவர்களுக்குத் தெரியாது.

ஒரு சீஆர் கொப்பியை விரித்து வைப்போம். கரண்ட், தண்ணி, கேஸ், வைஃபை, மகளின் டியூஷன், சீட்டுக் காசு, உம்மாவின் பிரஷர் மருந்து, கடைக் கொப்பி.

"கேஸ் இந்த மாசம் தாங்குமா?"

"பத்து நாள் தாங்கும். அதுக்குப் பிறகு விறகுதான்."

"வைஃபையை வெட்டுவமா?"

"வெட்டினா டேட்டா போடச் செல்லி ரெண்டு பிள்ளையும் வந்து நிக்கும். அது இதை விடக் கூட."

இப்படியே போகும். நாங்கள் சண்டை பிடிக்கிற ஆட்களில்லை. பகிடியாகத்தான் கதைப்போம். ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் கவனிக்கவில்லை. மேசையிலிருந்து எட்டடி தூரத்தில், ஹோலில், தஸ்பீஹ் கோர்வையோடு உம்மா இருப்பார். இஷா தொழுதுவிட்டு அந்தக் கதிரையில் இருப்பது அவருடைய வழக்கம். எங்கட கூட்டத்துக்கு ஒரு பார்வையாளர் இருந்திருக்கிறார்.

அந்தக் கொப்பியில் எப்போதும் முதல் வரி கரண்ட் பில்தான். 2022 இல் ஏறியதும், பிறகு குறைந்ததும் கூடியதுமாக அது ஆடிய ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, ஜூனில் 15 வீதம் கூடியது. எங்களில் ஒருவர் கணிதம் படிப்பிக்கிறவர் என்பதால், ஜூன் மாதம் பில்லை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமே நடத்தினோம். உங்களுக்கும் பிரயோசனப்படும் என்பதால் சொல்கிறோம்.

அந்த ஜூன் கட்டணப்படி 90 யுனிட் எரித்தால், வரிகளை விட்டுப் பார்த்தால் 1,720 ரூபாய். 91 யுனிட் எரித்தால் 2,344 ரூபாய். ஒரே ஒரு யுனிட்டுக்கு 624 ரூபாய் வித்தியாசம். காரணம், 90 ஐத் தாண்டியதும் நிலையான கட்டணம் 400 இலிருந்து 1,000 ஆனது. அந்த 91 ஆவது யுனிட்டின் விலை வெறும் 24 ரூபாய்தான், கோட்டைத் தாண்டியதற்கான காசுதான் மிச்சம் 600.

"அப்ப தொண்ணூறுக்குள்ள நிண்டாச் சரி" என்றாள் மகள். நாங்களும் அதையே வீட்டின் சட்டமாக்கினோம். எங்கட வழமையான கணக்கு 109, 110 யுனிட். ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் சத்தம். பிரிஜ்ஜைத் திறந்துகொண்டு நின்றால் சத்தம். ஸ்கூல் உடுப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் அயர்ன் பண்ணி முடிக்க வேணும். "தொண்ணூறு, தொண்ணூறு" என்று அந்த மாதம் நாங்கள் சொன்ன அளவுக்கு வேறு எதையும் சொல்லவில்லை.

அடுத்த பில் வந்தது. 89 யுனிட்.

வீட்டில் பெருநாள்தான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். பிள்ளைகளின் முதுகில் தட்டினோம், எங்கட முதுகிலும் நாங்களே தட்டிக்கொண்டோம். உம்மாவிடம் பில்லைக் காட்டினோம். "நல்லம் மகன்" என்று சிரித்தார். அந்த மிச்சக் காசுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது மகளும் மகனும் ஒரே குரலில் சொன்னது: "படம்!"

படம் பார்ப்பது சரியா பிழையா என்ற விவாதத்துக்கு இந்தப் பதிவு இல்லை. அதில் ஊரில் இரண்டு கருத்து இருக்கிறது, எங்கட குடும்பத்திலும் இருக்கிறது. "ஊராக்கள் ஆரும் கண்டா என்ன செல்றது?" என்று எங்களில் ஒருவர் கேட்க, உம்மாதான் பதில் சொன்னார்.

"கண்டா என்ன? அவங்களும் அங்க வந்தாத்தானே காணுவாங்க."

அதோடு முடிந்தது. அது மட்டுமில்லை, தானும் வருவதாகச் சொன்னார். கல்யாணம் முடித்த புதிதில் வாப்பா தன்னைச் சைக்கிளில் வைத்து கல்முனைக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போன கதையை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டோம். பிறகு பிரச்சினைக் காலம். ஆறு மணிக்கு மேல் ரோட்டில் ஆளில்லை, படத்துக்கு எங்கே போவது? யுத்தம் முடிந்து ரோட்டெல்லாம் காப்பற்றாகி, வெளிச்சமும் வந்தபோது வாப்பா இல்லை. நாற்பது வருசத்துக்கு மேல் அவர் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம், மச்சானின் வேனைக் கேட்டு எடுத்துக்கொண்டு மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டோம். நல்ல கச்சான் வீசுகிற காலம். அது எப்படிப்பட்ட காற்று என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுப்படியிலிருந்து வருவது போல் முகத்தில் அடிக்கும், இரவிலும் சுவரெல்லாம் சுடும். காத்தான்குடியில் சொந்தக்கார வீட்டில் மஃரிப் தொழுது, தேத்தண்ணி குடித்து, கல்லடிப் பாலத்தால் போய் ஏழு மணி ஷோவுக்கு நின்றோம். ஐந்து டிக்கெட், இடைவேளைச் செலவு, டீசல் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்தை நெருங்கியது. மிச்சம் பிடித்தது ஆயிரம், செலவு ஆறாயிரம். கணக்கு டீச்சர் இருக்கிற வீட்டின் கணக்கு இது.

உள்ளே ஏசி. கதிரையில் இருந்ததும் உம்மா சொன்ன முதல் வார்த்தை, "என்ன குளிர்மை மகன்!"

படத்தின் பெயர் வேண்டாம். துவக்குச் சத்தம் கூடின படம். கதாநாயகன் தனியாளாக நின்று நாற்பது பேரைச் சுடுகிறார். பதினைந்து நிமிசம் போகவில்லை, மகள் தோளில் தட்டிக் காட்டினாள். உம்மா நல்ல நித்திரை. வாய் கொஞ்சம் திறந்து, முந்தானை ஒரு பக்கம் சரிந்து, குழந்தை மாதிரி.

எங்களுக்குச் சிரிப்பு. ஒரு காலம் தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் எங்களை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போனவர் இவர். இப்போது காதுக்குள் பீரங்கி வெடிக்கிறது, அசைவே இல்லை. இடைவேளைக்கும் எழும்பவில்லை. "நாற்பது வருசத்துக்குப் பிறகு வந்து நித்திரை கொள்றா, டிக்கெட் காசு வீண்" என்று பகிடி பண்ணினோம்.

வடையைக் கடித்துக்கொண்டிருந்த மகன் சாதாரணமாகச் சொன்னான்.

"மூத்தம்மா வீட்டில நித்திரை கொள்றல்லதானே. அதான்."

"ஏன் நித்திரை கொள்றல்ல?"

"சூடு. மூத்தம்மா ஃபேனை நிப்பாட்டிருவா. கரண்ட் கூடுமாம். அதான் நான் உங்கட ரூமுக்கு ஓடி வந்த."

எங்களுக்கு விளங்கச் சில வினாடி எடுத்தது. அவன் உம்மாவோடு படுக்கிறவன். அந்த மாதம் முழுக்க நடுச்சாமத்தில் தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கட அறைக்கு வந்தான். "பெரிய பிள்ளை, இன்னும் உம்மாட பக்கத்திலயா படுக்கிற?" என்று அவனைத்தான் ஏசினோம். ஏன் வருகிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இடைவேளை முடிந்து என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. படம் ஓடியது. எங்கட மனசில் ஓடியது வேறு கணக்கு. ஒரு ஃபேன் 75 வாட். இரவில் ஒன்பது மணித்தியாலம். ஒரு மாதத்துக்கு இருபது யுனிட். 109 இலிருந்து இருபதைக் கழித்தால் 89.

லைட்டை நிறுத்தியதும், அயர்னைக் குறைத்ததும், நாங்கள் முதுகில் தட்டிக்கொண்டதும் அந்தக் கழித்தலில் எங்கேயும் இல்லை. முழு இருபது யுனிட்டும் உம்மாவின் நித்திரை. அதை விற்ற காசில்தான் நாங்கள் டிக்கெட் எடுத்திருந்தோம்.

திரும்பி வரும்போது வேனுக்குள் யாரும் கதைக்கவில்லை. உம்மா மட்டும் தெளிவாக இருந்தார். "நல்ல படம் மகன்" என்றார். மகள் சிரித்தாள், எங்களுக்குச் சிரிக்க முடியவில்லை.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு கேட்டோம்.

"எனக்குக் காத்து ஒத்துவாறல்ல மகன். மூட்டு வலிக்கிற."

"நேற்று ஏசிக்குள்ள ரெண்டரை மணித்தியாலம் படுத்தீங்களே உம்மா?"

பதில் இல்லை. கட்டிலைத் தட்டி விரிக்கப் போனபோது தலையணைக்குக் கீழே ஒரு பனையோலை விசிறி இருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது வாங்கியது. அப்போது அந்த விசிறியால் பிள்ளைகளுக்கு விடிய விடிய வீசியவர் உம்மாதான். கரண்ட் வந்து மூன்று வருசமாகியும் அவருக்கு மட்டும் மின்வெட்டு முடியவில்லை. அதைப் போட்டது நாங்கள்.

"மாமி, நாங்க சும்மா கதைக்கிறதை எல்லாம் நீங்க மனசில எடுக்கிறயா?" என்று கண் கலங்கக் கேட்டதற்கு உம்மா சொன்னது இதுதான்.

"நீங்க ரெண்டு பேரும் ஓடுற ஓட்டத்தை நான் காணுறன்தானே. எனக்கிட்டச் சம்பளமா இரிக்கி? என்னால ஏலுமான ஒண்டைக் குடுத்த."

அதற்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. இத்தனை வருசம் அவர் சமைத்து, பிள்ளை வளர்த்து, நாங்கள் இரண்டு பேரும் ஸ்கூலுக்குப் போக வீட்டைப் பிடித்திருந்தது எந்தக் கொப்பியிலும் ஏறவில்லை. மருந்துச் செலவு மட்டும் ஏறியிருக்கிறது. அந்தக் கொப்பியைத்தான் அவர் எட்டடி தூரத்திலிருந்து மாதா மாதம் கேட்டிருக்கிறார். "உம்மாவின் பிரஷர் மருந்து" என்று நாங்கள் சத்தமாக வாசித்த வரியையும் சேர்த்து.

இரண்டு மூன்று மாற்றம் செய்திருக்கிறோம். கூட்டம் இப்போதும் நடக்கிறது, கதவைச் சாத்திவிட்டு அறைக்குள். அந்தப் பட்டியலில் மருந்து இப்போது இல்லை. சம்பளம் எடுத்த கையோடு முதலில் வாங்கி வைத்துவிடுகிறோம். இரவில் ஒருவர் எழும்பி உம்மாவின் அறையை எட்டிப் பார்க்கிறோம். முதல் வாரம் மூன்று நாள் ஃபேன் நின்றிருந்தது, போட்டுவிட்டு வந்தோம். மகனும் தலையணையோடு பழைய இடத்துக்குப் போய்விட்டான். அவன்தான் இப்போது எங்கட காவல்காரன்.

போன கிழமை அடுத்த பில் வந்தது. 107 யுனிட். வாசலில் அதை வாங்கியவர் உம்மாதான். அவருக்கு எழுத்து வாசிக்க வராது, இலக்கம் தெரியும்.

"கூடிட்டுப் போல மகன்" என்றார்.

"ஓம் உம்மா, கூடிட்டு. கூடத்தான் வேணும்."

கொஞ்ச நேரம் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அடுத்த மாசம் படம் இல்லையா?" என்று கேட்டார்.

சீட்டு விழட்டும் உம்மா, இன்ஷா அல்லாஹ்.

உங்கட வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்தால், இன்றைக்கு இரவு ஒரு தடவை அறைக்குள் எட்டிப் பாருங்கள். ஃபேன் ஓடுதா என்று மட்டும் பாருங்கள்.