மலையடிவாரத்தில் ஒரு காதணி விழா

சென்ற ஆனி மாதம் என் இல்லத்தரசி இறைவனடி சேர்ந்தாள். நாற்பத்தோராண்டு இல்லறம். அதன்பின் எங்கள் விழுப்புரத்து வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. துக்கம் நேர்ந்த வீட்டில் ஓராண்டு பலகாரம் செய்வதில்லை என்பதால், அண்டை அயலார் தம் வீட்டுப் பட்சணங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். திதிதோறும் சென்னையிலிருந்து மகன் வருவான், மாசிகம் கொடுப்பான், மாலை ரயிலில் திரும்பிவிடுவான். தாய்க்குக் கொள்ளி வைத்த நாள் முதல் அவன் கண்ணீர் சிந்தி நான் கண்டதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது.

வங்கியில் பணிபுரிந்த காலத்தில் எத்தனையோ பேரிடம் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்டு வாங்கியிருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து படிவம் நீட்டியவன், இப்போது இந்தப் பக்கம் நின்று படிவத்தை நிரப்ப வேண்டியதாயிற்று. அதற்கான காகிதங்களைத் தேடி அவளுடைய பீரோவைத் திறந்தபோது, ஒரு சிறு துணிப்பை கிடைத்தது. உள்ளே கடுகத்தனை கல் பதித்த ஒரு ஜோடி குழந்தைக் கம்மல். அதனுடன் பழைய வங்கிச் சலான் ஒன்றின் பின்புறத்தில் அவள் கையெழுத்து: ‘மயிலம். ஒரு வயதுக்குள்.’

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகளுக்கு நெடுநாள் கழித்து, சென்ற ஆண்டு பங்குனியில் பிறந்தவன் என் பேரன். மூன்று மாதம் மட்டுமே பாட்டியின் மடியில் கிடந்தான். அவனுக்கு மயிலம் முருகன் சன்னிதியில் முதல் முடி இறக்கிக் காது குத்துவதாக அவள் நேர்ந்துகொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எனக்கு முழுமையாகத் தெரிந்தது.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. மணமாகிச் சென்ற மகளுக்குத் தாயின் மறைவால் மூன்று நாள் தீட்டுதான். அவள் வீட்டில் சுபகாரியம் செய்யத் தடையில்லை. ஆனால், முடி இறக்குவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில் அல்லவா நடக்க வேண்டும்? தாய்மாமன் என் மகன். துக்க ஆண்டில் கர்மம் செய்தவனும் நானும் மலைக்கோயிலுக்கு ஏறக்கூடாது, திருவிழாக்களில் கலந்துகொள்ளக் கூடாது என்பது எங்கள் குல வழக்கம். மயிலமோ மலைக்கோயில். பங்குனி பிறந்தால் குழந்தைக்கு ஒரு வயது நிறைந்துவிடும்.

“மூன்றாம் வயதில் வைத்துக்கொள்ளலாம் சம்பந்தி, முருகன் கோபிக்க மாட்டான்” என்று மருமகனின் தந்தை பெருந்தன்மையோடு சொன்னார். என் மனம் ஒப்பவில்லை. எண்பது வயதான என் தமக்கையாரிடம் கேட்டேன். அவர் சற்றும் யோசிக்கவில்லை. “மலை ஏறக் கூடாது என்றால் மலையை விட்டுவிடு தம்பி. மடியை ஏன் விடுகிறாய்? அடிவாரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் மேலே போகட்டும்” என்றார். நாங்கள் மூன்று மாதமாகக் குழம்பியதை அவர் நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டார். மாசி மாதம், குழந்தைக்குப் பதினோராம் மாதம், ஒற்றைப்படை, நாள் குறித்தோம். “எட்டு மாதமாக வீட்டை விட்டு எங்கும் போகவில்லையே அப்பா, கூட ஒரு நாள் எங்களோடு இருங்கள்” என்று மகள் சொன்னாள். சரி என்றேன்.

விழுப்புரத்தில் பாசஞ்சர் வண்டி ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், அடுத்தது திண்டிவனம். பணிக்காலத்தில் எண்ணற்ற முறை சென்ற தடம்தான். எதிர் இருக்கை காலியாக இருந்தது இம்முறைதான் கண்ணில் பட்டது.

வடமொழியில் புளியமரத்துக்குத் திந்திரிணி என்று பெயர். புளியங்காடாக இருந்த இடம் திந்திரிணி வனம். அதுவே மருவித் திண்டிவனம். ஊரின் நாயகர் திந்திரிணீஸ்வரர். அன்று மாலை அவரைத் தரிசித்தேன். எங்கள் வழக்கப்படி மலைக்கோயிலும் திருவிழாவும்தான் விலக்கு. நித்திய வழிபாட்டுக்கு விலக்கில்லை. இதில் ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் முறை மாறும். அன்பர்கள் தத்தம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு நடப்பதே உத்தமம்.

மறுநாள் விடியற்காலையில் மயிலம் சென்றோம். முருகப்பெருமானுக்கு வாகனமாகும் பேறு வேண்டி, சூரபத்மன் மயில் வடிவ மலையாகிக் கிடந்து தவம் புரிந்த இடம் என்பது தலபுராணம். தோகை விரித்த மயில்போல் குன்று தோன்றுவதாகச் சொல்வர். சிவகணத் தலைவரான சங்குகன்னர் சாபத்தால் பூவுலகில் பாலசித்தராகப் பிறந்து, முருகனோடு போரிட்டு, பின்னர் அவன் அருள் பெற்ற தலமும் இதுவே. பொம்மபுர ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள இத்திருக்கோயிலில் வள்ளி, தெய்வயானை சமேதராக மயில்மீது பெருமான் காட்சி தருகிறார்.

அடிவாரத்து மண்டபம் ஒன்றில் பாய் விரித்தோம். தாய்மாமன் சீர்த்தட்டில் புத்தாடை, பழம், வெற்றிலைபாக்கு, நடுவில் அந்தத் துணிப்பை. மேளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மகன் கிழக்கு நோக்கி அமர்ந்து மருமானை மடியில் வாங்கிக்கொண்டான். முடி இறக்கும்போது குழந்தை வேடிக்கை பார்த்தபடி இருந்தான். நீராட்டி, தலையில் சந்தனம் பூசி, மீண்டும் மடியில் அமர்த்தினார்கள். ஆசாரி வலக்காதில் ஊசியை வைத்ததும் வீறிட்டான். அவன் கைகளைப் பற்றியிருந்த என் மகன், குழந்தையின் தலைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. குழந்தை அழுது ஓய்ந்த பின்னரும் அவன் ஓயவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்து, பிறகு இடக்காதைக் குத்தினார். அவன் தலையிலிருந்த சந்தனம் என் மகன் நெற்றியிலும் ஒட்டியிருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த நெற்றியில் சந்தனம் கண்டேன்.

பின்னர் மகளும் மருமகனும் சம்பந்தி வீட்டாரும் குழந்தையோடு மலையேறினார்கள். நானும் மகனும் கீழேயே அமர்ந்து, மேலே தெரிந்த கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டோம். சற்று நேரத்தில் மணியோசை கேட்டது. “அம்மாவுக்கு இது தெரியுமா அப்பா?” என்று கேட்டான். “தெரியாமலா கம்மலை வாங்கி வைத்தாள்?” என்றேன். அன்று அவன் தாயைப் பற்றி நெடுநேரம் பேசினான்.

மாலையில் திருவக்கரைக்குப் புறப்பட்டோம். மயிலத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் பெரும்பாக்கம் சென்று, அங்கிருந்து பிரிய வேண்டும். ஊரை நெருங்கும்போது, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் உள்ள கல்மரப் பூங்காவைக் காணலாம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த பெருமரங்கள், நீரில் கரைந்திருந்த சிலிக்கா இழை இழையாக உட்புகுந்ததால் கல்லாகிக் கிடக்கின்றன. தொட்டால் பாறை, உற்றுப் பார்த்தால் மரத்தின் வளையமும் வரியும் அப்படியே இருக்கின்றன. திருமால் வதைத்த அசுரனின் எலும்புகள் இவை என்பது இப்பகுதியில் வழங்கும் நம்பிக்கை.

அந்த அசுரனின் பெயர் வக்கிராசுரன். அவன் தங்கை துன்முகியை வதைத்தவள் இத்தலத்து வக்கிரகாளி. துன்முகி கருவுற்றிருந்ததால், கருவிலிருந்த சிசுவை அழிக்காமல் எடுத்துத் தன் வலக்காதில் குண்டலமாக அணிந்துகொண்டாள் என்பது வரலாறு. காலையில் பேரனுக்குக் காது குத்திவிட்டு, மாலையில் காளியின் காதில் குழந்தையைக் கண்டதும், என் மகள் தன் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். அம்பிகையின் சினத்துக்கு நடுவிலும் சிசுவுக்கு ஓர் இடம் இருக்கிறது.

திருஞானசம்பந்தர் பாடிய இத்தலத்தில் சந்திரமௌலீஸ்வரர் மூன்று முகங்களோடு கூடிய லிங்கத் திருமேனியராக எழுந்தருளியிருக்கிறார். கோபுரம், கொடிமரம், நந்தி, கருவறை யாவும் நேர்கோட்டில் அமையாமல் சற்றே விலகியிருப்பது இங்குள்ள விசேஷம்.

இந்தச் சிவாலயத்தைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். அந்த அம்மையாரைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். இம்முறை அவரை நினைத்தவண்ணம் வெகுநேரம் பிராகாரத்தில் நின்றேன். கணவர் கண்டராதித்த சோழர், தில்லைக் கூத்தனைப் பாடிய திருவிசைப்பா ஆசிரியர்களுள் ஒருவர். அவர் மறைந்தது கி.பி. 957ஐ ஒட்டி. கைக்குழந்தையாக இருந்த மகன் வளர்ந்து உத்தம சோழனாக அரியணை ஏறி, அவன் காலமும் முடிந்து, முதலாம் இராஜராஜன் ஆட்சிக் காலத்திலும் அம்மையார் திருப்பணி செய்தவண்ணம் இருந்தார். நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட கைம்மை வாழ்வு. செங்கல் தளிகளாக இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கற்கோயில்களாக மாற்றினார். கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயராலேயே கற்றளி எடுத்து, அவர் சிவலிங்கத்தை வழிபடும் கோலத்தைச் சிற்பமாகவும் அமைத்தார். துயரம் அவரை விட்டு நீங்கியிருக்கும் என்று நான் எண்ணவில்லை. அதை வைத்துக்கொண்டே அவர் அடுத்த கோயிலுக்குக் கல் சுமக்கச் செய்தார். எனக்கு வாய்த்த திருப்பணி பதினோரு மாதப் பிள்ளைக்கு இரண்டு கம்மல். அதைக்கூடத் துக்கத்தின் பெயரால் தள்ளிப்போட இருந்தேனே!

அடுத்த நாள் காலை விழுப்புரத்துக்கு ஏறக்குறைய 6 கி.மீ. தொலைவிலுள்ள திருவாமாத்தூர் சென்றோம். பசுக்கள் கொம்பு வேண்டி வழிபட்ட தலம். மூவரும் பாடிய பதி. சுயம்புவான அபிராமேஸ்வரர் திருமேனியில் பசுவின் குளம்புத் தடம் உள்ளது. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் மடம் அமைத்து வாழ்ந்ததும் இவ்வூரில்தான். இங்கே சுவாமிக்கும் அம்பாளுக்கும் தனித்தனிக் கோயில்கள். நடுவில் ஒரு சாலை. சுவாமி கிழக்கு நோக்க, முத்தாம்பிகை மேற்கு நோக்க, ஒருவரை ஒருவர் பார்த்தபடி எழுந்தருளியிருக்கிறார்கள்.

கார்த்திகைச் சோமவாரம் தோறும் நாங்கள் இருவரும் வரும் கோயில் இது. “நடுவில் ரோடு இருப்பதால்தான் இவர்களுக்குள் சண்டையே வருவதில்லை” என்று அவள் சொல்வாள். சொல்லிவிட்டுத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்வாள். அம்பாள் கோயிலில் உள்ள வட்டப்பாறை சத்தியத்துக்குப் பெயர்பெற்றது. அதன்முன் பொய் சொல்பவர் தண்டனை பெறுவர் என்பது நம்பிக்கை. அங்கே நின்றபோது, “எப்படி இருக்கிறீர்கள் அப்பா?” என்று மகள் கேட்டாள். வழக்கம்போல “நன்றாக இருக்கிறேன்” என்று சொல்ல வாயெடுத்தேன். இடம் நினைவுக்கு வந்தது. “நன்றாக இல்லை அம்மா. நேற்றைக்கு நன்றாக இருந்தேன்” என்றேன். அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். வெளியே வந்து அம்பாள் கோயில் வாசலில் நின்று எதிரே பார்த்தேன். பேருந்தொன்று கடந்து போனது. அது போனதும் சுவாமி கோயில் வாசல் தெரிந்தது.

திண்டிவனத்தைத் தங்குமிடமாகக் கொண்டால் முதல் நாள் மயிலத்தையும் திருவக்கரையையும், விழுப்புரம் வந்து மறுநாள் திருவாமாத்தூரையும் வயதானவர்களும் அலைச்சலின்றித் தரிசிக்கலாம். மயிலத்தில் மலைமேல் செல்ல வாகனப் பாதை உண்டு. திருவக்கரையில் பௌர்ணமி இரவில் கூட்டம் மிகும். முதியோர் மற்ற நாட்களில் செல்வது நலம்.

அன்று மாலை வீடு திரும்பி விளக்கேற்றினேன். அந்தத் துணிப்பையை, சலானோடு, அவள் படத்தின் கீழ் வைத்திருக்கிறேன். ஆனியில் ஆண்டுத் திதி முடிந்ததும் நானும் மகனும் மயிலம் மலை ஏறுவதாக இருக்கிறோம். அதுவரை, அடிவாரத்தில் நின்று கும்பிட்டதை முருகன் வரவில் வைத்துக்கொள்வான்.