ஆயா வீட்டுக் கிணறும் ஒரு ஏவுகணைக் குழியும்

செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி நீங்க என்ன பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கிறது ஏவுகணை சைலோ வீடியோ. அமெரிக்காவில் சில பேர், ராணுவம் கைவிட்ட சைலோவை விலைக்கு வாங்கி, உள்ளே நிக்கிற தண்ணியை மாசக்கணக்கா இறைச்சு, துருவைச் சுரண்டி, லைட் போட்டு வீடாக்குறாங்க. ரெட்டியார்பாளையத்தில் கொசுவலைக்குள்ள படுத்துக்கிட்டு இதை ஏன் பார்க்கணும்னு கேட்டா, முதல்ல என்கிட்ட பதில் இல்ல.

சைலோன்னா தமிழ்ல என்னன்னு தேடினேன் (இங்கிலீஷ் மீடியம், மன்னிச்சிடுங்க). தானியம் கொட்டி வைக்கிற குதிர்தான் சைலோவாம். ஆயாகிட்ட சொன்னேன். "நம்ம வீட்ல இருந்துச்சே, நெல்லு போடுவோம்"னாங்க. குதிருக்குள்ள ராக்கெட் வெச்சாங்கன்னு சொன்னதுக்கு ஒரு பார்வை மட்டும்தான் பதில்.

அட்லஸ்-எஃப்னு ஒரு ஏவுகணை. அதுக்காக கான்சாஸ், டெக்சாஸ், நியூயார்க்னு ஏழு மாநிலங்களில் 72 சைலோ கட்டினாங்க. ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 174 அடி ஆழம், 52 அடி அகலம். சுத்திலும் கான்கிரீட். நடுவில் ஒரு இரும்புக் கூண்டை பெரிய ஸ்பிரிங்குகளில் தொங்க விட்டு, அதுக்குள்ள ஏவுகணையை நிறுத்தினாங்க. பக்கத்தில் குண்டு விழுந்தாலும் அதிர்வு தாங்கணுமே. கூப்பிட்டா திரவ ஆக்சிஜன் நிரப்பி, லிஃப்டில் மேலே ஏத்தித்தான் விடணும். 1962-ல் வேலைக்கு வந்துச்சு, 1965-ல் மூடிட்டாங்க. திட எரிபொருள் மினிட்மேன் வந்ததும் இது பழசாயிடுச்சு. இவ்வளவு கட்டிட்டு மூணு வருஷம்! நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கே இதைவிட ஆயுசு கெட்டி.

மூடினதும் பயனுள்ள இரும்பையெல்லாம் கழட்டிட்டாங்க. பம்பும் நின்னுடுச்சு. நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே கட்டின எதுவும் பம்ப் ஓடுற வரைக்கும்தான் காய்ஞ்சு இருக்கும். டெக்சாஸில் அபிலீன் பக்கத்தில் ஒரு சைலோ நிரம்பி, அதில் ஸ்கூபா டைவிங் பண்ணியிருக்காங்க.

ஒரு சைலோ விளிம்பு வரைக்கும் நிரம்பினா எவ்வளவு தண்ணின்னு கணக்குப் போட்டேன். சுமார் ஒரு கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி 870 தடவை வந்து போகணும். மேலே மோட்டார் வெச்சு உறிஞ்சவும் முடியாது. காத்தழுத்தத்தால 10 மீட்டருக்கு மேல தண்ணியைத் தள்ள முடியாது, நடைமுறையில் 7, 8 மீட்டர்தான். சப்மெர்சிபிளைத்தான் இறக்கணும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ரெண்டு மார்க் கேள்வியா எழுதினது அன்னைக்குத்தான் புரிஞ்சது.

நம்ம நாட்டில் இந்த மாதிரி இல்லையான்னு தேடினா மும்பை கிடைச்சது. மலபார் ஹில் ராஜ்பவனுக்கு அடியில் 2016 ஆகஸ்டில் ஒரு சுவரை உடைச்சப்போ, 150 மீட்டர் நீளத்துக்கு 13 அறையோட ஒரு பிரிட்டிஷ் காலத்து பங்கர்! பீரங்கிக் குண்டு வைக்கிற அறையெல்லாம் இருந்துச்சு. சீரமைச்சு 2019-ல் மியூசியமா திறந்தாங்க. மாநிலத்தோட கவர்னர் வீட்டுக்குக் கீழேயே இப்படி ஒண்ணு மறந்து கிடந்திருக்குன்னா, எங்க வீட்ல என்ன இருக்குன்னு யோசிச்சேன்.

இருந்தது ஒரு உறைக்கிணறு.

மூலகுளத்துக்குப் பக்கத்தில் ஆயா வீடு. பின்பக்கம் முருங்கைக்குக் கீழே, 35 அடி ஆழம், 5 அடி அகலம். நான் பிறந்த சமயத்தில் போர் போட்டதும் மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடிட்டாங்க. அதில் ஒரு சின்ன ஓட்டை. சின்ன வயசில் அதுக்குள்ள கல்லைப் போட்டு சத்தம் கேட்போம்.

2024 மே. லீவு. நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் கடப்பாரையை வெச்சு பலகையை நகர்த்தினோம். அழுகின முட்டை நாத்தம் முகத்தில் அடிச்சது. தள்ளி நின்னோம். அஞ்சு நிமிஷம் கழிச்சு எட்டிப் பார்த்தா நாத்தம் இல்ல. "காத்து வெளியே போயிடுச்சு மச்சி"ன்னு நான்தான் சொன்னேன். இடுப்பில் கயிறு கட்டி, அலுமினிய ஏணியை இறக்கி, முதல் மூணு படி இறங்கிட்டேன். கையில் போன், டார்ச் ஆன்.

ஆயா துடைப்பத்தோட ஓடி வந்தாங்க. "டேய், மேல ஏறுடா! மூடின கெணத்துல எறங்கக் கூடாதுடா!" ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆயா அழ ஆரம்பிச்சதால ஏறினேன், நம்பினதால இல்ல. அதை இங்கே ஒப்புக்கிறேன்.

ஜூன் 11. ரெட்டியார்பாளையம் புதுநகர், எங்க ஏரியாதான். பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு கழிவறை வழியா வீட்டுக்குள்ள வந்து மூணு பேர் இறந்துட்டாங்க. ஒரு பாட்டி, அவங்களைத் தூக்கப் போன மகள், இன்னொரு வீட்டில் 15 வயசுப் பொண்ணு. கிணத்துல இறங்கினவங்க இல்ல. அவங்கவங்க வீட்டு பாத்ரூமுக்குப் போனவங்க. அன்னைக்குத் தெருவில் யாரும் வீட்டுக்குள்ள நிக்கல. எங்க வீட்லயும் அம்மா கழிவறைக் கதவை ஈரத்துணி வெச்சு அடைச்சாங்க.

அந்த ராத்திரி சைலோ வீடியோ பார்க்கல. ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்திப் படிச்சேன். காத்தைவிட கனமானது, அதனால பள்ளத்திலேயே தேங்கும். கொஞ்சமா இருந்தா முட்டை நாத்தம் அடிக்கும். 100 பிபிஎம் பக்கம் போனா சில நிமிஷத்திலேயே மூக்கு மரத்துப் போய், நாத்தமே தெரியாது. திரும்பப் படிச்சேன். வாயு போகல, மூக்குதான் போகும். நான் படியில் நின்னப்போ எவ்வளவு இருந்துச்சோ. ஏணியில் நின்ன காலு கட்டில்ல படுத்திருக்கும்போது நடுங்கினது அன்னைக்குத்தான்.

சைலோக்காரங்க வீடியோவைத் திரும்பப் பார்த்தப்போதான் நான் கவனிக்காததெல்லாம் தெரிஞ்சது. பெல்ட்டில் மாட்டின சின்ன மஞ்சள் பெட்டி. மேலேயிருந்து தொங்குற காத்துக் குழாய். மூடின இடத்தில் இரும்பு துருப்பிடிச்சாலே ஆக்சிஜன் குறையும். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனா ஆபத்துன்னு கணக்கு. நான் அந்தப் பகுதியையெல்லாம் பத்து பத்து செகண்டா தள்ளி விட்டிருந்தேன்.

போன வருஷம் மே மாசம், கிணத்தை ஒழுங்கா திறக்கலாம்னு அப்பாவைச் சம்மதிக்க வெச்சேன். நிபந்தனை ஒண்ணுதான்: யாரும் இறங்கக் கூடாது. டிபார்ட்மென்ட் லேப்ல நாலு வாயு காட்டுற மீட்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கயிற்றில் கட்டி இறக்கி, மேலே இழுத்து, அதிகபட்சக் கணக்கைப் பார்த்தோம். பத்தடியில் பரவாயில்லை. தண்ணிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு 38. அலாரம் அடிக்கிறதே 10-ல். அரை மணி நேரம் ப்ளோயர் ஓட்டினதும் பூஜ்ஜியம். சப்மெர்சிபிளைப் போட்டோம். மொத்தமே 8,000 லிட்டர் சொச்சம், ஒரு டேங்கர் கூட இல்ல. ஆனா தண்ணி இறங்கி அடிச் சேறு கலங்கினதும் மீட்டர் மறுபடி கத்த ஆரம்பிச்சது, 60-ஐத் தாண்டி.

தூர் வார ஒரு அண்ணன் வந்திருந்தார். முப்பது வருஷமா கிணறு இறங்குறவர். அவர்கிட்ட ஒரு அரிக்கேன் விளக்கு. "விளக்கு எரிஞ்சா எறங்கலாம் தம்பி, அணைஞ்சா எறங்கக் கூடாது. எங்கப்பா கத்துக் குடுத்தது." தீப்பிடிக்கிற வாயு இல்லைன்னு மீட்டரில் பார்த்துட்டு, விளக்கையும் மீட்டரையும் ஒரே கயிற்றில் கட்டி இறக்கினோம். விளக்கு நல்லா எரிஞ்சது. மீட்டர் கத்திக்கிட்டே இருந்துச்சு.

அண்ணன் ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தார். விளக்கு ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும்ணா, இந்த வாயுவைக் காட்டாதுன்னு சொன்னேன். தலையாட்டினார். அப்புறம், "இந்த மெஷின் என்ன வெல தம்பி?"

"இருபதாயிரத்துக்கு மேல வரும்ணா."

சிரிச்சார். விளக்கை மேலே இழுத்து, கண்ணாடியைத் துண்டால துடைச்சு ஓரமா வெச்சார்.

யாரும் இறங்கல. சேத்து பம்ப் வெச்சு மேலேயிருந்தே முடிஞ்ச வரைக்கும் எடுத்தோம். மீதி இன்னும் அடியில்தான் இருக்கு. பாதாளக் கரண்டி போட்டதில் ஒரு பித்தளைச் சொம்பு, பழைய மோட்டாரோட புட் வால்வு, ரெண்டு ரப்பர் பந்து வந்துச்சு. சொம்பைப் பார்த்ததும் ஆயா, "இதத் திருடினான்னு ஒரு பொம்பளைய வேலைய விட்டு நிறுத்திட்டேனே"ன்னு உட்கார்ந்துட்டாங்க. அந்த அம்மா இப்போ எங்கே இருக்காங்கன்னு யாருக்கும் தெரியல. சொம்பு விளக்காம அலமாரியில் இருக்கு.

ரெண்டு நாளில் 12 அடிக்குத் தண்ணி ஊறிடுச்சு. குடிக்க ஆகாது, முருங்கைக்கும் செம்பருத்திக்கும் விடுறோம். கான்கிரீட் பலகைக்குப் பதிலா இரும்புக் கம்பி மூடி, பூட்டோட. சாவி ஆயாகிட்ட.

போன வாரம் அந்த அண்ணன் போன் பண்ணார். முதலியார்பேட்டையில் ஒரு கிணறு, ரொம்ப நாளா மூடி வெச்சதாம். "அந்த மெஷின எடுத்துக்கினு வர முடியுமா தம்பி?" லேப்ல கேட்டு வாங்கிட்டுப் போனேன். இறங்க வேணாம்னு மீட்டர் சொல்லுச்சு, அவரும் இறங்கல, அன்னைக்கு அவருக்குக் கூலியும் கிடைக்கல. ஏப்ரல் வரைக்கும் என்கிட்ட காலேஜ் ஐடி கார்டு இருக்கு. அதுக்கப்புறம் அந்த ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட உங்களில் யாராவது ஜூனியர் வந்தா, அண்ணனோட நம்பர் தர்றேன்.