யன்னலைத் திறந்த லூசி

போன மாரியில் ஒரு பின்னேரம், தையல் வகுப்பு முடிகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. வெளியில் சோவென்ற மழை. வீட்டுக்குப் போக வழியில்லாமல் பதினொரு பெண்கள் ஒரு மெழுகுதிரியைச் சுற்றி இருந்தோம். இருட்டும் மழையும் சேர்ந்தால் எங்கள் ஆட்களுக்குப் பேய்க்கதை வராமல் இருக்குமா? புளியமரத்துப் பேய், கிணற்றடிப் பேய் என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தபின் என் முறை வந்தது.

“மிஸ், நீங்கள் படிச்ச ஆள். வெள்ளைக்காரரின்ரை பேயைப் பற்றிச் சொல்லுங்கோவன்” என்றார் ஓர் அக்கா.

நான் டிராகுலாவைச் சொன்னேன்.

அந்தப் படத்தை நான் பார்த்தது பல்கலைக்கழக விடுதியில், சமூகவியல் படித்த காலத்தில். சமூகக் கட்டுப்பாடு பற்றி ஒரு ஒப்படை எழுத வேண்டியிருந்தது. அறைத் தோழி தன்னுடைய கணினியில் பழைய பேய்ப்படங்கள் வைத்திருந்தாள். 1958இல் இங்கிலாந்தின் ஹமர் நிறுவனம் எடுத்த ‘டிராகுலா’. இயக்கியவர் ரெரன்ஸ் பிஷர். கிறிஸ்தோபர் லீ டிராகுலாவாக வருகிறார். இதற்கு முன்னர், 1931இல் அமெரிக்காவில் வந்த படத்தில் டிராகுலாவின் பல்லைக்கூடக் காட்டவில்லை. ஹமர் படத்திலோ பல்லும் இரத்தமும் நல்ல சிவப்பு வர்ணத்தில் வருகின்றன. பயப்படத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் மனதில் நின்றது பல்லும் இல்லை, இரத்தமும் இல்லை. லூசி என்கிற பெண் தன் அறையில் தனியே இருக்கிற ஒரு காட்சி.

லூசிக்குச் சுகமில்லை. அண்ணனும் அண்ணி மீனாவும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போனதும் அவள் எழும்புகிறாள். தோட்டத்துப் பக்கம் இருக்கிற, ஆள் நடந்து வரக்கூடிய உயரமான யன்னல் கதவைத் திறக்கிறாள். கழுத்தில் கிடந்த சிலுவையைக் கழற்றி வைக்கிறாள். திரும்பிவந்து கட்டிலில் படுத்துக்கொண்டு, திறந்த யன்னலைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். வெளியில் காற்றும் உதிர்ந்த இலைகளும்தான். சிறிது நேரத்தில் அவன் வந்து வாசலில் நிற்கிறான். கதவை உடைத்து அவன் வரவில்லை. அவள் திறந்துவிட்டாள்.

பிறகு வைத்தியர் வன் ஹெல்சிங் வருகிறார். யன்னலைப் பூட்டுங்கள், அறை முழுவதும் உள்ளிப் பூ வையுங்கள் என்று கட்டளை இடுகிறார். இரவில் லூசி, மூச்சு முட்டுகிறது என்று வேலைக்காரப் பெண்ணிடம் கெஞ்சிப் பூக்களை அகற்றுவிக்கிறாள், யன்னலையும் திறக்க வைக்கிறாள். விடியும்போது அவள் உயிரோடு இல்லை. செத்தும் அடங்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டிய எங்கள் பேய்களைப்போல வெள்ளை உடுப்போடு எழும்பி, அந்த வேலைக்காரப் பெண்ணின் சின்ன மகளைக் கையில் பிடித்து இருட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறாள். ஆசைப்பட்டவள் கடைசியில் பிள்ளை பிடிக்கிறவளாக ஆகிவிடுகிறாள்! அதன்பின் அவளுடைய நெஞ்சில் ஆப்பு இறக்குகிறார்கள். அண்ணன் பக்கத்தில் நிற்கிறான். ஆப்பு இறங்கியதும் அவளுடைய முகம் அமைதியாகிவிடுகிறது. அண்ணனுக்கும் நிம்மதி.

மூலக்கதை பிராம் ஸ்ரோக்கர் 1897இல் எழுதிய நாவல். அதில் ஆப்பை இறக்குபவன் அவளைக் கட்ட இருந்தவனே. அதே நாவலில் இதற்கு வெகுமுன்னர் ஓர் இடம் வரும். ஒரே நாளில் மூன்று பேர் லூசியைப் பெண் கேட்கிறார்கள். ஒரு பெண் மூன்று பேரையும் கட்டினால் என்ன என்று சிநேகிதிக்குக் கடிதம் எழுதுகிறாள். உடனேயே, இப்படிச் சொல்லக் கூடாது என்றும் எழுதிவிடுகிறாள். விக்ரோறியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு உடம்பின் ஆசை இருக்கிறது என்று வெளியில் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைச் சொல்வதற்கு ஒரு பேய் தேவைப்பட்டது. பேய் வந்தால் ஆசையையும் காட்டலாம், கடைசியில் ஆப்பும் இறக்கலாம். படம் பார்க்க வந்தவர் இரண்டையும் அனுபவித்துவிட்டு நல்லவராகவே வீட்டுக்குப் போகலாம். என்னுடைய ஒப்படையில் இதைத்தான் பெரிய பெரிய சொற்களில் எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது.

மீனாவின் கதை இன்னும் வேறு. அவள் கலியாணம் முடித்தவள். ஓர் இரவு பொய்த்தகவல் ஒன்றை நம்பி வெளியே போனவள் காலையில், குளிர்ச்சட்டையின் கொலரை உயர்த்திவிட்டபடி வீட்டுக்குள் வருகிறாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. தன் வாழ்க்கையிலேயே மிக இனிய இரவைக் கழித்துவிட்டு வந்தவளைப்போல இருக்க வேண்டும் என்று நடிகை மெலிசா ஸ்ரிப்ளிங்குக்கு இயக்குநர் சொல்லிக்கொடுத்தாராம். அந்தச் சிரிப்புத்தான் புருஷனுக்கு விளங்கவில்லை. அடுத்த இரவு புருஷனும் வைத்தியரும் வீட்டுக்கு வெளியே விடிய விடியக் காவல் நிற்கிறார்கள். டிராகுலா வெளியிலிருந்து வரவே இல்லை. அவனுடைய சவப்பெட்டி அந்த வீட்டின் நிலவறையிலேயே இருக்கிறது.

அந்த இரவில் டிராகுலா மீனாவின் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோகிற சில விநாடிகளைப் பிரித்தானியத் தணிக்கையில் வெட்டினார்கள். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக் கூடாது என்ற சான்றிதழ் கொடுத்தபிறகும் வெட்டினார்கள். அந்தத் துண்டு 2011இல் ரோக்கியோவில், பழைய யப்பானியப் பிரதி ஒன்றில்தான் கண்டெடுக்கப்பட்டது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்தால், ஒரு பெண்ணின் முகம். பயமும் விருப்பமும் கலந்த முகம்.

ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். டிராகுலா நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. இரத்தம் குடிக்கிறவன். பலாத்காரத்தையும் விருப்பத்தையும் ஒன்றாகக் குழைத்துக் காட்டுவது இந்தப் படங்களின் பெரிய பிழை. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காத ஆண்களைப் பற்றி எங்களுக்கு எந்தப் படமும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அந்த ஆணைத் தள்ளிவைத்துவிட்டு லூசியை மட்டும் பார்த்தால், அவளுக்கு ஒரு விருப்பம் இருந்தது. அதைப்பற்றி அந்த வீட்டில் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. யன்னலைப் பூட்டினார்கள். அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு இன்னொரு படம் பார்த்தேன். 1961இல் ஜக் கிளேய்ட்டன் இயக்கிய ‘த இனொசன்ற்ஸ்’. அப்பாவிகள் என்று சொல்லலாம். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய கதை. கறுப்பு வெள்ளைப் படம். ஒளிப்பதிவாளர் பிரெடி பிரான்சிஸ் திரையின் ஓரங்களை வேண்டுமென்றே இருட்டாக்கி வைத்திருப்பார். மூலையில் யாரோ நிற்பதுபோலவே இருக்கும். மிஸ் கிடென்ஸ் என்கிற பாதிரியார் மகள் ஒரு பெரிய மாளிகைக்கு, தாய் தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகளைப் பார்க்க வருகிறாள். டெபொரா கெர் நடித்தார். கதையில் அவளுக்கு இருபது வயது. டெபொராவுக்கோ அப்போது நாற்பது வயதளவில். அதனால்தான் அந்தத் தனிமை அப்படிப் பொருந்தியது என்று நினைக்கிறேன்.

அவளுக்கு முன்னர் அங்கே வேலை செய்த மிஸ் ஜெசல், அந்த வீட்டு வேலையாள் குவின்ற் என்பவனை விரும்பியிருந்தாள். அவன் நல்லவன் இல்லை, அவளை அடித்தவன். அவன் செத்தபிறகு அவள் குளத்தில் விழுந்து உயிரை மாய்த்தாள். இந்த இருவருடைய ஆவிகளும் பிள்ளைகளைப் பிடிக்க வருகின்றன என்று மிஸ் கிடென்ஸ் நம்புகிறாள். பட்டப்பகலில், குளத்துக்கு அக்கரையில், கறுப்பு உடுப்போடு ஒரு பெண் நிற்பதைக் காண்கிறாள். கண்டதாக வேறு ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒருநாள் பாட அறைக்குள் போனால், மேசையில் மிஸ் ஜெசல் இருந்து அழுதுகொண்டிருக்கிறாள். கிட்டப் போக உருவம் மறைந்துவிடுகிறது. சிலேற்றில் ஒரு துளி கண்ணீர் மட்டும் கிடக்கிறது. மிஸ் கிடென்ஸ் அதை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். ஈரம்.

இத்தனை பேய்ப்படத்தில் பேய் அழுததை நான் அங்கேதான் கண்டேன். அந்தத் துளியைத் தொட்ட பிறகும் மிஸ் கிடென்ஸ் இவள் ஏன் அழுகிறாள் என்று யோசிப்பதில்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒன்றே அவளுடைய எண்ணம். காப்பாற்றிக் காப்பாற்றி, கடைசியில் மகள் பிள்ளை அலறிச் சுகமில்லாமல் போகிறது, மகன் பிள்ளை அவளுடைய கையிலேயே சாகிறான். பேய் இருந்ததா, அவளுடைய அடக்கி வைத்த மனம்தான் பேயாகத் தெரிந்ததா என்று படம் சொல்வதில்லை.

படம் முடிந்து வெகுநேரம் எனக்கு நித்திரை வரவில்லை. பேய்க்குப் பயந்து இல்லை. மிஸ் கிடென்ஸை எனக்கு முதலே தெரியும் என்று பட்டது.

அதற்கு ஒரு வருடத்துக்கு முன்னர் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இருந்தா. 2009இல் கணவரை இழந்தவ. இரண்டு பிள்ளைகள். ஒருநாள் எல்லாரும் போனபிறகு நின்று, வீடு கட்ட வந்த மேசன் ஒருவரோடு கதைக்கிறனான் என்று சொன்னா. சொல்லும்போது முகத்தில் மீனாவின் அந்தச் சின்னச் சிரிப்பு. “எனக்கு இப்ப கண்ணாடி பார்க்க விருப்பமாயிருக்கு அக்கா” என்றா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பிள்ளையளை யோசியுங்கோ. சனம் கதைக்கும்” என்றேன். சமூகக் கட்டுப்பாட்டைப் பற்றி முப்பது பக்கம் எழுதிப் புள்ளி எடுத்தவள் சொன்ன புத்திமதி அது. அவருக்கு என்ன வயது, எப்படிப்பட்டவர், உங்களை மதிக்கிறாரா என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. அந்தத் தங்கச்சி தலையை ஆட்டிவிட்டுப் போனா. அதன்பின் குழுவுக்கு வரவில்லை.

அந்த மழைப் பின்னேரத்தில் கதை சொல்லி முடித்ததும், பேய் கேட்ட அதே அக்கா, “அவள் யன்னலைத்தானே திறந்தவள். அதுக்கு ஆப்பே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு இளம்பெண் மட்டும் சிரிக்காமல், “அண்ணனும் பக்கத்திலை நிண்டவனாமே” என்றா. பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த ஞாயிறு நான் அந்தத் தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தா. மேசன் தன்னுடைய ஊருக்குப் போய்க் கலியாணமும் முடித்துவிட்டாராம். நான் அண்டைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்னேன்.

“எல்லாரும்தானே அக்கா சொன்னவை” என்றா. “நீங்கள் அப்பிடிச் சொல்லமாட்டீங்கள் எண்டு நினைச்சுத்தான் உங்களிட்டை வந்தனான்.”

பதில் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை. இருட்டும்வரை இரண்டு பேரும் திண்ணையில் இருந்தோம்.